கல்மரமும் மெய்சிலிர்ப்பும்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள்.

செல்வி பத்தாம் வகுப்பில் பரிணாமம் படித்துவிட்டு, "அப்போ சாமி கும்பிடறது பொய்யாப்பா?" என்று கேட்டதையும், 'புல்லாகிப் பூடாய்' என்று டார்வினுக்கு முன்பே சிவபுராணம் சொல்லிவிட்டது என நீ பதில் சொன்னதையும் எழுதியிருந்தாய். அந்தப் பதில் வேண்டாம் பாலு. வரிசையை முழுதாகச் சொல்லிப் பார்: புழுவுக்குப் பிறகு மரம், பறவைக்குப் பிறகு பாம்பு, அப்புறம் கல், மனிதருக்குப் பிறகு பேய். ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்ததைப் பாடுகிறார் மாணிக்கவாசகர். டார்வின் 1859இல் எழுதியது, தலைமுறைதோறும் ஒரு கூட்டமே மெல்ல மாறுவதைப் பற்றி. இரண்டையும் ஒட்டவைத்தால் பாட்டும் கெடும், பாடமும் கெடும். நாளைக்கு அவளே இதைக் கண்டுபிடித்தால், நீ சொன்ன மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து திருவக்கரைக்குக் கூட்டிப் போ. வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே கிடக்கும் கல்லாய்ப்போன மரங்களை வக்கிராசுரன் என்ற அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வார்கள். கையில் பத்து மடங்கு லென்ஸ் இருக்கட்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெளியும் வரை தலையை மெல்லக் குனியச் சொல். உடைந்த முகப்பில் மரத்தின் இழையோட்டம் தெரியும்; பல துண்டுகளில் நீர் ஏறிய குழாய்கள்கூட ஊசிக்குத்துப்போல் நிற்கும். ஆற்று மணல் சட்டென்று மூடியதால் காற்றுப்படாமல், பூஞ்சை அரிக்காமல் கிடந்த மரம் அது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா செல்லுக்குச் செல் இறங்கி உறைந்துவிட்டது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. மணல் மூடத் தாமதித்திருந்தால் மக்கிப்போயிருக்கும். எங்கள் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் சதுப்பில் புதைந்தவை பழுப்பு நிலக்கரியாயின. பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூட எடுக்க வேண்டாம்.

எலும்பா மரமா என்ற கேள்வி லென்ஸிலேயே தீர்ந்துவிடும். சன்னதியில் அவள் கண்ணை மூடி நின்றது லென்ஸுக்குள் வராது. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று அவளுக்குப் பிடிபட்டால் பாதி பாரம் இறங்கும்.

ஒன்று மட்டும் கவனம். கல்மரம் காலத்துக்குத்தான் சாட்சி. உயிர்களுக்குள் இருக்கும் உறவுக்குச் சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தாமே செய்துகொள்ளும். நமக்கு அதன் கடைசிப் படிக்கான மரபணு பழுது. நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றாக வேண்டும். குரங்குகளுக்கும் அதே மரபணுதான் பழுது. கினிப்பன்றிக்கும் பழுதுதான், ஆனால் வேறு விதமாக. இரண்டு ஓலைச்சுவடியில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரு மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று பதிப்பாசிரியர்கள் சொல்வார்களே, அதே கணக்கு.

முதல் உயிர் எப்படி வந்தது என்று கேட்டால், "இன்னும் முழுசா தெரியலைம்மா" என்று சொல். அந்த இடத்தில் சாமியை உட்காரவைக்காதே. விடை கிடைக்கும் நாளில் எழுப்பிவிட வேண்டியிருக்கும்.

தீபாராதனையில் மயிர் சிலிர்க்கிறதே, அதையும் சொல்லிக்கொடு. கிட்டத்தட்ட ஒவ்வொரு மயிர்க்காலிலும் மிகச் சின்னத் தசை ஒன்று உண்டு. உடம்பெல்லாம் ரோமமாயிருந்த மூதாதைகள் குளிருக்கும் பயத்துக்கும் அதைச் சுருக்கி ரோமத்தை நிமிர்த்தின. 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று மாணிக்கவாசகர் உருகியதும் இதே தசையால்தான். அது எங்கிருந்து வந்தது என்பதை அறிவியல் சொல்லும். யாரை நினைத்துச் சிலிர்த்தது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். கற்பூரம் காட்டும்போது முன்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

போய்வந்து எழுது.

அன்புடன்,
ராமு