ஜாஸ் ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இவ்வறிக்கையின் படி அவர்களுக்கு அனுப்பி வைக்கப்படும்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் மாதாந்திரக் கேட்புக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. செயற்குழு உரிய காலங்களில் கூடியது. ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ இடையில் பேச்சின்றி முழுமையாகக் கேட்கப்பட்டது. பழுதான ஒலிபெருக்கி சீர்செய்யப்பட்டது. டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ வெவ்வேறு உறுப்பினர்களால் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ‘தகிட தக’ என்று தொடையில் தட்டிக்கொண்டே அதைக் கேட்பது எனக்கும் பிடித்தமானதுதான். ஆயினும் அது இடம்பெற்ற 1959ஆம் ஆண்டின் ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் வேறு ஆறு உருப்படிகளும் உள்ளன என்பதை நினைவூட்ட வேண்டியவனாக இருக்கிறேன்.

இவ்வாண்டின் முதன்மையான பணி என்று நான் கருதுவது கேட்புப் பதிவேடு. மன்றத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் அது பதிவான நாள், இடம், வாசித்தவர்கள், நாம் கேட்டது எந்த வெளியீடு, கொண்டுவந்தவர் அதில் எந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார் என்ற விவரங்களை எழுதி வைக்கும் வழக்கம் தொடங்கப்பட்டுள்ளது. தட்டைச் சுழலவிடாமல் விவரம் படித்தே நேரத்தைப் போக்குகிறார் செயலாளர் என்று சில உறுப்பினர்கள் தலைவரிடம் குறைபட்டுக்கொண்டதாக அறிகிறேன். என்னிடமே சொல்லியிருக்கலாம். எனினும் அக்குறைக்குரிய விளக்கத்தை இங்கே பதிவு செய்வது முறை.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு கேட்கப்பட்ட மாலையை வந்திருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ என்ற உருப்படி முடிந்ததும், பில் எவன்ஸின் பியானோவைப் பற்றி நீண்ட புகழுரை ஒன்று வழங்கப்பட்டு, கைதட்டலும் பெற்றது. அந்த ஒரு உருப்படியில் மட்டும் பியானோ வாசித்தவர் விண்டன் கெல்லி. உறையின் பின்பக்கத்திலேயே அச்சாகியுள்ள செய்திதான் இது. எவன்ஸ் சுரங்களுக்கு இடையே இடம் விட்டு வாசிப்பவர். கெல்லி, ஜாஸுக்கு வேராக அமைந்த புளூஸ் இசையின் துள்ளலோடு வாசிப்பவர். இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு மறுமுறை கேட்டபோது, புகழுரை வழங்கிய அன்பரே முன்பைவிடக் கூர்ந்து கேட்டார் என்பதை நான் நேரில் கண்டேன்.

அன்றே இன்னொன்றும் நிகழ்ந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் தம் பழைய எல்.பி.யையும், இளையவர் ஒருவர் தம் குறுந்தகட்டையும் கொண்டுவந்திருந்தனர். ‘சோ வாட்’ உருப்படியை இரண்டிலும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டபோது சுருதி ஒத்துவரவில்லை. பழைய தட்டில் சுருதி சற்றே ஏறி நின்றது. நம் சுழல்மேடையின் வேகம்தான் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டி, திருப்புளி வரை போய்விட்டனர். அதே தட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தை ஒப்பிட்டபோது வேறுபாடு இல்லாமற் போயிற்று. 1959 மார்ச் 2 அன்று, முதற் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் பதிவானபோது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் அந்நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசை விரைந்தும் சுருதி ஏறியும் ஒலித்தது. ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்துக்கு இக்குறை இல்லை. 1990களின் மறுவெளியீடுகளில்தான் இது திருத்தப்பட்டது. எந்த வெளியீடு என்று பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்கியிருப்பது ஏன் என்று கேட்டவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

டியூக் எலிங்டன் குழுவின் 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாக் கச்சேரிக்கென்று ஒதுக்கிய மாலையில் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. அக்குழுவின் பால் கொன்சால்வஸ் இருபத்தேழு சுற்றுகள் விடாமல் சாக்ஸஃபோன் வாசித்துக் கூட்டத்தையே எழுந்து ஆட வைத்த கச்சேரி அது. அவர் வானொலிக்கென வைத்திருந்த ஒலிவாங்கியில் வாசித்துவிட்டதால், அக்காலத் தட்டில் அவர் தள்ளி நின்று வாசிப்பது போலவே கேட்கும். அத்தட்டின் கணிசமான பகுதி பின்னர் ஒலிப்பதிவுக்கூடத்தில் மீண்டும் வாசிக்கப்பட்டதும்கூட. வானொலிக்காரர்களின் நாடா பிற்பாடு கிடைத்து, அதுவும் தட்டு நிறுவனத்தின் நாடாவும் இணைந்த வெளியீடு 1999இல் வந்தது. பழைய தட்டையும் இவ்வெளியீட்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பை இழந்தவர்கள் தவிர்க்க முடியாத காரணங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தனர். அக்காரணங்கள் மாதந்தோறும் தவறாமல் நேர்கின்றன. கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று ஒருவர் சொன்னார். கிடைக்கிறது, மறுக்கவில்லை; ஆனால் பேஸ் என்னும் கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் யார் என்று திரும்பிக் கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் அங்கே கிடைப்பதில்லை.

இரவல் பற்றியும் குறிப்பிட்டாக வேண்டும். பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் விடுதியில் வாசித்தவை முதலில் இரண்டு தட்டுகளாக வெளிவந்தன. பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த மாதம் 6ஆம் நாள் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 25. அம்மூவர் சேர்ந்து வாசித்தவற்றில் கடைசியாகப் பதிவானவை இவையே. மன்றத்தின் பேழையில் இரண்டு உறைகள் உள்ளன. தட்டு ஒன்றுதான் உள்ளது. இரவல் ஏட்டில் கடைசியாகக் கையொப்பமிட்டவர் உறையைத் திருப்பித் தந்ததாகவும், உள்ளே தட்டு இருந்ததாகவே நினைவு என்றும் கூறுகிறார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், செலவு வரவைச் சற்றே முந்தியது. புதிய ஊசியும் ஒலிபெருக்கிப் பழுதும் அதற்குக் காரணங்கள். சந்தா நிலுவை முழுமையாக வந்திருந்தால் இவ்வாக்கியத்தை எழுத நேர்ந்திராது. நிலுவையில் உள்ளோர் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க வாசிக்கவில்லை. பட்டியல் மேசையின் மீது உள்ளது.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், இடம் தந்து உதவியவர்கள், நாற்காலிகளை அடுக்கிய இளைஞர்கள் ஆகியோருக்கு மன்றத்தின் நன்றி உரித்தாகுக.

வரும் ஆண்டில், ஒரே பாட்டைப் பலர் வாசித்த பதிவுகளைத் தொடர்ந்து கேட்பது என்று செயற்குழு கருதுகிறது. ‘பாடி அண்ட் சோல்’ பாட்டிலிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. சாக்ஸஃபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் அதை வாசித்தபோது மூல மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுக் காட்டியதோடு சரி. பிறகு முழுக்க அவருடைய கற்பனைதான், அதுவும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே கொள்ளும் தட்டில். அத்தட்டின் மறுபதிப்பு என்னிடம் உண்டு. மற்றவை உங்கள் அலமாரிகளிலிருந்துதான் வர வேண்டும். வராவிடில் ஆண்டு முழுவதும் என் விருப்பங்களையே கேட்க நேரும். அதைப் பற்றிய குறையும் தலைவரிடம்தான் போகும்.

செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருவோர் இருப்பின், பதிவேட்டைத் தொடர்வதாக அவர்கள் உறுதியளிக்கும் பட்சத்தில், சாவியையும் ஏடுகளையும் இன்றே ஒப்படைக்கச் சித்தமாக உள்ளேன். எவரும் முன்வராவிடில் தொடர்ந்து பணியாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் கூட்டம் முடியும் வரை வாயிலருகே இருப்பார். வேன்கார்டு தட்டையும் அவரிடமே தரலாம். எவ்விதக் கேள்வியும் கேட்கப்பட மாட்டாது.

இப்படிக்கு,
செயலாளர்