வாங்குறவன் தலையிலேயே எல்லாத்தையும் கட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல உணவுப் பாதுகாப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தேதிய பாத்து வாங்குங்க, உப்பிப்போன டப்பாவ தொடாதீங்க, காய்கறிய நல்லா கழுவுங்க, முத்திரை இருக்கான்னு பாருங்க... எல்லாமே சரிதான், தப்புன்னு சொல்ல வரல. ஆனா கட்டுரை முழுக்க நுகர்வோர் விழிப்பா இருக்கணும், நுகர்வோர் விழிப்பா இருக்கணும்னே போகுது, தயாரிக்கிறவங்க, டெஸ்ட் பண்றவங்க, கண்காணிக்க வேண்டிய அதிகாரிங்க பத்தி கடைசி பாராவுல ரெண்டே வரி. அதுதான் உறுத்திச்சு. கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலைன்னா வெட்டிக்கோங்க.

கண்ணால பாத்து மூக்கால மோந்து கண்டுபிடிக்கிற விஷயமா இதெல்லாம்? நாத்தம் வர வைக்கிற கிருமி வேற, ஆள படுக்கப்போடுற கிருமி வேற. சால்மோனெல்லா இருக்குற சாப்பாடு பாக்கவும் நல்லாருக்கும் ருசியும் மாறாது. லிஸ்டீரியா இருக்கே, அது ஃப்ரிட்ஜுக்குள்ளயே வளரும், கர்ப்பமா இருக்குறவங்களுக்கு ரொம்ப ஆபத்து, சாப்பிட்டு சில வாரம் கழிச்சுகூட நோய் காட்டும், அதுக்குள்ள எத எங்க சாப்பிட்டோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும் சொல்லுங்க.

சரி லேபிள படிச்சு வாங்கலாம்னா, 2008ல சீனாவுல குழந்தைங்க பால் பவுடர் விவகாரம் ஞாபகம் இருக்கும். பால்ல தண்ணி கலந்தாங்க, தண்ணி கலந்தா புரதம் குறைஞ்சு டெஸ்ட்ல மாட்டிக்கணும் இல்லையா, ஆனா அந்த டெஸ்ட் புரதத்த நேரா அளக்குறதில்ல, நைட்ரஜன் எவ்ளோ இருக்குன்னு பாத்து அதுலேர்ந்து புரதத்த கணக்கு போடுறது. அத தெரிஞ்சுக்கிட்டு மெலமைன கொட்டிட்டாங்க, பிளாஸ்டிக் செய்யற சாமான், அதோட எடையில மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன்தான். டெஸ்ட் பாஸ். கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க, சிறுநீரகத்துல கல்லு, 6 குழந்தைங்க போயே போச்சு. வாங்கின பெத்தவங்க லேபிள படிக்காமலா வாங்கியிருப்பாங்க? இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம், கம்பெனிக்கு 2007 டிசம்பர்லயே புகார் வந்திருக்கு, ஊருக்கு தெரிஞ்சது 2008 செப்டம்பர்ல. நடுவுல அத்தனை மாசமும் பவுடர் வித்துட்டுதான் இருந்துச்சு.

முத்திரை, சர்டிபிகேட், ஆடிட் இதையெல்லாம் நம்பலாமேன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல வேர்க்கடலை அரைச்சு மத்த கம்பெனிகளுக்கு சப்ளை பண்ணின ஒரு நிறுவனம், 2008 - 2009 சமயம், சால்மோனெல்லா பரவி 700 பேருக்கு மேல நோய், 9 பேர் சாவு. அந்த தொழிற்சாலைய ஒரு தனியார் ஆடிட் நிறுவனம் வந்து பாத்து மிகச்சிறப்புன்னு கிரேடு குடுத்துட்டு போயிருந்தாங்க, ஆடிட்டுக்கு காசு குடுக்குறது யாருன்னா அதே கம்பெனிதான்! டெஸ்ட் பண்ணாமயே சுத்தமா இருக்குன்னு சர்டிபிகேட் போட்டு அனுப்பினதெல்லாம் அப்புறம் கோர்ட்ல வெளிவந்துச்சு, 2015ல முதலாளிக்கு 28 வருஷம் ஜெயில். தண்டனை சரி. ஆனா அந்தக் கடலை எத்தனையோ பிராண்டு பிஸ்கட்டுலயும் ஸ்நாக்ஸ்லயும் போயிருந்துச்சு, கவர் மேல அந்த கம்பெனி பேரே கிடையாது, வாங்கினவங்க எத பாத்து உஷாராகுறது?

இதுக்காக அந்தக் காலத்துல எல்லாம் சுத்தமா இருந்துச்சுன்னு பாட்டு பாட வரல. 1858லயே இங்கிலாந்துல பிராட்ஃபோர்ட் ஊர்ல மிட்டாய்ல தவறுதலா ஆர்சனிக்ங்கிற விஷம் கலந்து சுமார் 20 பேர் செத்திருக்காங்க. வித்தியாசம் என்னன்னா அப்ப எந்த கடைக்காரர்னு சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. இப்ப 2013ல ஐரோப்பாவுல மாட்டுக்கறின்னு போட்ட பாக்கெட்ல குதிரைக்கறி இருக்குன்னு அயர்லாந்து அதிகாரிங்க டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி கண்டுபிடிச்சாங்களே, அதுக்கப்புறம் மாட்டின ஒரு ரெடிமேட் சாப்பாட்டுல இருந்த குதிரைக்கறி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நோண்டினா வெட்டினது ருமேனியா, நடுவுல சைப்ரஸ் நெதர்லாந்து வியாபாரிங்க, அப்புறம் பிரான்ஸ், சமைச்சு பேக் பண்ணது லக்சம்பர்க். இத்தனை கை மாறினதுல யார கேட்டாலும் எனக்கு அப்படியே வந்துச்சு நான் அப்படியே குடுத்தேன்னுதான் பதில்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல வெளியிட்ட கணக்குப்படி வருஷத்துக்கு 60 கோடி பேர் கெட்ட உணவால நோய்வாய்ப்படுறாங்க, 4,20,000 பேர் சாகுறாங்க, அதுல 1,25,000 பேர் 5 வயசுக்குள்ள குழந்தைங்க. பெரும்பாலும் கிருமியாலதான். ஆனா வாட்ஸ்அப்ப தொறந்தா பிளாஸ்டிக் அரிசிதான் ஓடிட்டு இருக்கு. நைஜீரியாவுல 2016 கடைசியில சுங்க அதிகாரிங்களே பிளாஸ்டிக் அரிசின்னு மூட்டை மூட்டையா புடிச்சாங்க, லேப்ல பாத்தா அது நிஜ அரிசிதான், ஆனா அளவுக்கு மீறி கிருமி இருந்துச்சு. பிளாஸ்டிக்னு பயந்தவங்க எத்தனை பேருக்கு அந்த ரெண்டாவது பாதி போய் சேர்ந்திருக்கும்? வதந்தி பரப்புறவங்கள திட்டலாம், நானும் திட்டுவேன், ஆனா உண்மை தெரிஞ்சவங்க வாய மூடிட்டு இருந்தா அந்த எடத்துல வதந்திதான் வந்து உக்காரும்.

அதுக்காக அவசரப்பட்டு யார் பேரயாவது சொல்றதும் கூடாது. 2011ல ஜெர்மனியில ஈ.கோலைங்கிற கிருமி பரவி 50 பேருக்கு மேல செத்தப்ப ஹாம்பர்க் அதிகாரிங்க ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம்னு சொல்லிட்டாங்க, கடைசியில பாத்தா முளைகட்டின வெந்தயம். அதுக்குள்ள ஸ்பெயின் விவசாயிங்க காய பறிச்சு குப்பையில கொட்டியாச்சு. சரக்கு எங்கேர்ந்து எங்க போச்சுங்கிற பதிவு ஒவ்வொரு கையிலயும் ஒழுங்கா இருந்து, கேட்ட உடனே எடுத்துக் குடுத்தா இப்படி ஊகம் பண்ண வேண்டிய நிலைமையே கம்மியாகும். இது முடியாத காரியமும் இல்ல, அமெரிக்காவுல ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஒரு மாம்பழ பாக்கெட் எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தாங்க, பழைய முறையில கிட்டத்தட்ட 7 நாள் ஆச்சு, டிஜிட்டல் பதிவு வச்சப்புறம் சில செகண்டு. மனசு வைக்கணும், செலவு பண்ணணும், அவ்ளோதான்.

அதனால உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். கம்பெனிங்க திரும்பப் பெறுற பொருள் எது, பேட்ச் நம்பர் என்ன, காரணம் என்னன்னு ஒவ்வொரு இதழ்லயும் ஒரு சின்ன கட்டம் போடுங்க, ராசிபலனுக்கு குடுக்குற எடத்துல பாதி போதும். அடுத்த தடவ உணவுக் கம்பெனிக்காரங்க யாரையாவது பேட்டி எடுத்தா, உங்க தரத்தின் ரகசியம் என்னன்னு கேக்குறத விட்டுட்டு, ஒரு பேட்ச் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அது எந்தெந்த கடையில இருக்குன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், வாங்கினவங்களுக்கு எப்படி சொல்லுவீங்கன்னு கேளுங்க. மழுப்பினாங்கன்னா மழுப்பினாங்கன்னே போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்