ஆறு ஆண்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா இடுப்பு மூட்டு அறுவை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்று நிற்க வைத்தது யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாதா?

இங்கே பெரிய செய்தி, பிசியோதெரபி படிக்கும் என் மகள் உடற்கூறியல் அறைக்குள் போய்விட்டாள். போன செவ்வாய் இரவு பத்து மணிக்கு அழைத்தாள். "அம்மா, பிரேக்கியல் பிளெக்சஸை, கைக்குப் போகும் அந்த நரம்புப் பின்னலை, இன்று என் கையாலேயே பிரித்தெடுத்தேன், படத்தில் இருப்பது போலவே இல்லை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, எத்தனை முறை கழுவியும் கையிலிருந்து வாசனை போகவில்லை என்றாள். விடுதியில் நாம் இரண்டு பேரும் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. அவளிடமும் எலுமிச்சையைத்தான் சொன்னேன்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் உன் அண்ணன் மகன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான், பிசியோதெரபி படிக்க ஆசைப்படுகிறான், பள்ளி முடித்த கையோடு ஆறே ஆண்டில் இளநிலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். ஆனால் "கிடைக்கும்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும்.

நாம் படித்த காலத்தில் பிபிடி என்கிற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்தால் நேராக நோயாளியிடம் போகலாம். நான் இருக்கும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. பிறகு முதுநிலை ஆயிற்று. கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் டிபிடி என்கிற பிசியோதெரபி டாக்டர் பட்டத்தின் முதல் அணி 1996-ல் வெளியே வந்தது. அதன்பின் ஒவ்வொரு கல்லூரியாக மாறி, 2016 முதல் அங்கீகாரம் பெற்ற பிசியோதெரபிப் படிப்பு எல்லாமே டிபிடிதான். இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே ஐம்பது மாநிலங்களிலும், ஏதோ ஓர் அளவில், மருத்துவரின் சீட்டு இல்லாமலே நோயாளி நம்மிடம் வரலாம். முதுகுவலி என்று வருகிறவருக்கு அது தசைப் பிடிப்பா, முதுகெலும்பில் பரவிய புற்றுநோயா என்று சந்தேகப்பட்டு உரிய இடத்துக்கு அனுப்பும் பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. அதனால்தான் மருந்தியல், ஸ்கேன் படங்களை வாசிப்பது, நோய்களைப் பிரித்தறிவது என்று பாடம் நீண்டது. 2025 செப்டம்பரில் இந்தியாவில் பிசியோதெரபி படித்தவர்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்ததும், அடுத்த நாளே அது திரும்பப் பெறப்பட்டதும் உன்னை எவ்வளவு அலைக்கழித்தது என்று எழுதியிருந்தாய். அந்தப் பட்டத்தைவிட அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் உன் அண்ணன் மகனிடம் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

படிப்பின் அமைப்பு இதுதான். வழக்கமான வழியில் நான்கு ஆண்டு இளநிலை, பிறகு தனியாக விண்ணப்பித்து மூன்று ஆண்டு டிபிடி, ஆக ஏழு. 3+3 என்கிற இணைப்புப் படிப்பில் மூன்று ஆண்டில் இளநிலைக்கான பாடங்களை முடித்துவிட்டு, நான்காம் ஆண்டு டிபிடியின் முதல் ஆண்டாகத் தொடங்கும். அந்த ஆண்டின் கிரெடிட்டுகள், அதாவது பாடங்களுக்கான மதிப்பலகுகள், இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் வரும். நான்காம் ஆண்டு முடிவில் பெரும்பாலான இடங்களில் இளநிலைப் பட்டம் கையில் கொடுத்துவிடுவார்கள், ஆறாம் ஆண்டு முடிவில் டிபிடி. உன் அண்ணன் குடும்பம் இருக்கும் பிட்ஸ்பர்க்கிலேயே டூகேன் பல்கலைக்கழகம், பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன், மில்வாக்கியில் மார்கெட், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், இதாகா கல்லூரி எல்லாம் இந்த ஆறு ஆண்டு வழியில் நெடுங்காலம் பழகிய இடங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு வரும் சேர்க்கைக் கடிதத்தில் டிபிடி இடமும் உறுதி என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. என் கணவர் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார். அந்த உறுதிக்குக் கீழே நிபந்தனைகள் இருக்கும். மூன்று ஆண்டும் தரப்புள்ளி சராசரி ஒரு வரம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பெரும்பாலும் நான்குக்கு 3.0-க்கு மேல். அறிவியல் பாடங்களுக்குத் தனிச் சராசரி கேட்பவர்கள் உண்டு. ஆய்வகத்தோடு உயிரியல், வேதியியல், இயற்பியல் இரண்டிரண்டு செமஸ்டர், உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், உளவியல், இவை எல்லாம் குறித்த காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். எத்தனை பாடத்தை மறுபடி எழுதலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. சில இடங்களில் மருத்துவமனையில் உட்கார்ந்து பார்த்த நேரத்துக்குச் சான்று வேண்டும், நேர்காணலும் உண்டு. பள்ளியிலேயே முடித்த, கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி பாடங்களை அறிவியலுக்கு ஈடாக ஏற்காத இடங்களும் இருக்கின்றன. அவன் ஏபி உயிரியல் படிப்பதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்.

என் மகளுக்கு இரண்டாம் ஆண்டில் இயற்பியல் தடுக்கியது. முதல் இரண்டு தேர்விலும் மதிப்பெண் மோசம். ஒரு மாலை அவளுடைய ஆலோசகரிடமிருந்து மின்னஞ்சல்: இந்தப் பாடம் இப்படியே முடிந்தால் அறிவியல் சராசரி வரம்புக்குக் கீழே போகும், டிபிடி இடம் மறுபரிசீலனைக்கு வரும். ஏழு ஆண்டு வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாடம் சரிந்தால் அடுத்த ஆண்டில் ஈடுகட்டிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். இங்கே மூச்சுவிட இடமில்லை, மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே டிபிடி தொடங்கிவிடும். அன்று இரவு நான் தூங்கவில்லை. பதினேழு வயதில் ஒரு பிள்ளையை இப்படி ஒரு கயிற்றின் மேல் ஏற்றிவிட்டோமே என்று அழுதேன்.

அந்த வார இறுதியில் அவள் வீட்டுக்கு வந்தபோது, சமையலறையில் இரண்டு கிலோ அரிசிப் பையை அவள் கையில் கொடுத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிறகு கையை நேரே முன்னால் நீட்டச் சொன்னேன். "எடை மாறவில்லை, தோள் ஏன் நடுங்குகிறது?" என்று கேட்டேன். தோளிலிருந்து பை இருக்கும் தூரத்தை அவளே ஸ்கேலால் அளந்தாள், திருப்புவிசையை அவளே எழுதினாள். பிறகு பைசெப்ஸ் முழங்கை மூட்டுக்கு எவ்வளவு அருகில் போய் ஒட்டுகிறது, அதனால் கையிலிருக்கும் எடையைப் போலப் பல மடங்கு விசையை அந்தத் தசை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பக்கவாதம் வந்த ஒருவருடைய தோள் ஏன் இறங்கிப்போகிறது என்று நான் அவளுக்குச் சொன்னதும் அந்த மேசையில்தான். கடைசித் தேர்வில் தேறினாள். சராசரி வரம்புக்கு மேலே நின்றது, மயிரிழையில். உன் அண்ணன் மகனுக்கு இயற்பியல் கசந்தால் என்னிடம் அனுப்பு, அரிசி இருக்கிறது.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்வது ஒரு கேள்வி: நடுவில் இடம் போய்விட்டால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்? மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியே வந்தால் பட்டம் கிடையாது. இன்னும் ஓர் ஆண்டு இருந்து வேறு ஏதாவது துறையில் இளநிலையை முடிக்க வேண்டும். தனித்து நிற்கக்கூடிய முதன்மைப் பாடத்தை ஆரம்பத்திலேயே எடுத்திருந்தால் அந்த ஓர் ஆண்டு போதும், இல்லாவிட்டால் திண்டாட்டம். உளவியலோ உயிரியலோ உடற்பயிற்சி அறிவியலோ, தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கட்டும்.

பொதுக்கல்விப் பாடங்களை, வரலாறு, கட்டுரை எழுதுவது போன்றவற்றை, அவன் வீண் என்று நினைப்பான். 2005-ல் நான் வந்தபோது நம் பிபிடியை இங்குள்ள படிப்போடு பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொழில் பாடங்களில் குறை சொல்லவில்லை; பொதுக்கல்விக் கிரெடிட்டுகள் போதாது என்றார்கள். பகலில் எடுபிடி வேலை, மாலையில் சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை, சமூகவியல் என்று ஓடினேன். அதன்பிறகுதான் உரிமத் தேர்வுக்கே உட்கார முடிந்தது. அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று என் முதிய நோயாளிகள் கொரியப் போரைப் பற்றிப் பேசும்போது நான் பதில் பேசுகிறேன், அவர்களும் இன்னும் இரண்டு அடி கூடுதலாக நடக்கிறார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். கேப்டி என்கிற அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இங்கே படிக்கிறவருக்கு அது இல்லாத பட்டத்தோடு உரிமத் தேர்வுக்கு வழியில்லை. அந்தத் தேர்வு 200 முதல் 800 வரையான அளவுகோலில் போடப்படுகிறது, 600 எடுத்தால் தேர்ச்சி. ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று வெளியிட்டாக வேண்டும். தேர்ச்சி 85 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆணையம் கேள்வி கேட்கும். ஆனால் முதல் ஆண்டில் 3+3-ல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டுக்குப் போனார்கள் என்பது அந்தப் பட்டியலில் வராது. அதை வாய் திறந்து கேட்க வேண்டும், தயங்காமல்.

பணம் பற்றி உன் அண்ணனிடம் நேரடியாகவே சொல்லிவிடு. இளநிலைக்குக் கொடுக்கும் உதவித்தொகை பல இடங்களில் நான்காம் ஆண்டோடு, சில இடங்களில் அதற்கு முன்பே நின்றுவிடும். நான்காம் ஆண்டுக்கு இளநிலைக் கட்டணமா, டிபிடிக் கட்டணமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். 2025-ல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுநிலை மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்கிற அரசுக் கடன் கிடையாது. ஆண்டுக்கு உச்சவரம்பு சாதாரண முதுநிலைக்கு 20,500 டாலர், தொழில்முறைப் படிப்புக்கு 50,000. டிபிடியை எந்தக் கூடையில் போடுவது என்பதில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. நம் தொழிலில் சம்பளம் நடுத்தரமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டியே இருக்கிறது. அதை வைத்துத்தான் கடனை எடை போட வேண்டும். ஓர் ஆண்டு மிச்சமாவது ஓர் ஆண்டுக் கட்டணமும் ஓர் ஆண்டுச் சம்பளமும்தான், அது சிறிய தொகை இல்லை. பிள்ளைக்கு மனம் உறுதியாக இருந்தால் 3+3-ஐ நான் தடுக்க மாட்டேன்.

மனம் உறுதியா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் கால்பந்து ஆடுகிறான், முழங்கால் தசைநார் கிழிந்தபோது தனக்குச் சிகிச்சை கொடுத்தவரைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றாய். பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், குற்றமில்லை. ஆனால் டிபிடியில் குறைந்தது 30 வாரம் முழுநேரமும் நோயாளிகளோடு இருக்க வேண்டும். அங்கே விளையாட்டு வீரர்கள் கொஞ்சம்தான். படுக்கையிலிருந்து எழ பயப்படும் பாட்டிகள்தான் அதிகம். இந்தக் கோடையில் ஒரு முதியோர் இல்லத்தின் மறுவாழ்வுப் பிரிவில் நான்கு வாரம் போய் ஓரமாக நிற்கச் சொல். ஒருவரை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்த அரை மணி நேரம் ஆவதைப் பொறுமையாகப் பார்க்க முடிகிறதா, அவர் நின்றதும் இவன் முகம் எப்படி மாறுகிறது என்று அண்ணி பார்க்கட்டும்.

அவன் என் மகளோடு பேச வேண்டுமென்றால் ஞாயிறு மாலை அழைக்கட்டும், அன்று அவள் வீட்டில் இருப்பாள். அம்மா படி ஏற ஆரம்பித்துவிட்டாரா என்று எழுது. நல்ல கால் முதலில் மேலே என்று நீ சொன்னதை மதித்துக் கேட்கிறாரா, இல்லை பழையபடி பிடிவாதமா?

என்றும் அன்புடன்,
உன் விடுதித் தோழி