கொல்லையில் இன்னும் ஒரு குழி பாக்கி

அன்புப் பாப்பாவுக்கு,

கொல்லை வேலை முடிந்ததா என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் சிக்னல் இல்லை என்று போனை வைத்தேன். பொய்தான். ஆள் வைத்து பேவர் பிளாக் போட்டுக் கொல்லையை முடிக்கச் சொல்லி நீ அனுப்பிய பணத்தில் ஒரு லோடு செம்மண், மண்வெட்டிக்கு ஒரு பிடி, கொஞ்சம் டியூப், இவ்வளவுதான் வாங்கியிருக்கிறேன். திட்டாதே, முழுசாகப் படி.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடியற்காலை நீ இங்கே இல்லை. பேராவூரணிப் பக்கம் யார் தோப்பைப் பார்த்தாலும் தென்னை படுத்துக் கிடந்தது. நம் எட்டில் ஆறு போயிற்று. நாலு வேரோடு சாய்ந்தன, ரெண்டு பாதியில் முறிந்தன. மரத்தை அறுத்து வெளியேற்றியதோடு சரி, முறிந்த ரெண்டின் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டேன். பள்ளிக்கூட வேலை இருந்தவரை கொல்லைக் கதவைத் திறக்கவே பிடிக்காது.

இந்த வருஷம் மிச்சமிருந்த ரெண்டு மரத்திலும் புது மட்டை விரிந்தபோது ஓலை கத்தரியால் நறுக்கினாற்போல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தது. காண்டாமிருக வண்டு. மருந்தடிக்கலாம் என்று கிளம்பினேன். மேலவீட்டுச் சித்தப்பாதான், "கட்டையை உள்ளேயே வச்சுக்கிட்டு மரத்துக்கு வைத்தியம் பார்க்குறீங்களே" என்றார். மறுநாள் கடப்பாரையைப் போட்டேன். மேலே கல்லு மாதிரி இருந்தது, ஒரு சாண் போனதும் உள்ளே உளுத்துப் பொடிப்பொடியாக வந்தது. அந்தப் பொடிக்குள் கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, சுருண்டு கிடந்தன புழுக்கள். முப்பத்தேழு எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. உன் அம்மா கோழிகளைத் திறந்துவிட்டாள். அன்றைக்கு அதுகளுக்குத் தீபாவளி. எருக்குழியையும் கிளறிப் போட்டேன், அதிலும் இருந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான். கட்டை ரெண்டும் போனதும் கொல்லை வெறும் திடலாகத் தெரிந்தது. சமையல்கட்டுச் சுவர் ஓதம் அடிப்பது ஏன் என்று இத்தனை வருஷம் புரியவில்லை. கொத்தனார்கள் பார்ப்பது போல டியூப்பில் தண்ணீர் நிரப்பி, வேலியோரம் ஒரு கொம்பு, சுவரோரம் ஒரு கொம்பு நட்டு மட்டம் பார்த்தேன். சுவர்ப்பக்கம் நாலு அங்குலம் தாழ்வு! ஐப்பசி மழை முழுக்க வீட்டை நோக்கித்தான் ஓடிவந்திருக்கிறது. வேலிப்பக்கத்து மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து சுவரோரம் கொட்டினேன். பதினோரு நாள். முதுகைப் பற்றிக் கேட்காதே.

இடையில் வாங்கின செம்மண் லோடு என்னை ஏமாற்றிவிட்டது. பாதி செங்கல் துண்டு, மீதியில் கோரைக்கிழங்கு. ரெண்டே வாரத்தில் கொட்டின இடமெல்லாம் பச்சைப் பசேலென்று கோரை. இன்றைக்கும் காலையில் காபிக்கு முன்னால் அரைமணி நேரம் குத்துக்காலிட்டுக் கிழங்கோடு பிடுங்குகிறேன். மேலே மட்டும் அறுத்தால் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

கீரைப் பாத்தி எங்கே போடுவது என்றுதான் நிறைய யோசித்தேன். சித்திரை பிறந்த வாரம் உச்சிப்பொழுதில் பார்த்தால் கொம்புக்கு நிழலே இல்லை. இப்போது ஆனியில் மத்தியான நிழல் தெற்கே விழுகிறது. மார்கழியில் அதுவே வடக்கே நீளும். அதனால் ரெண்டு தென்னைக்கும் தெற்கே பாத்தி போட்டேன். கோடையில் உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் நிழல், குளிர்காலத்தில் முழு வெயில். ஐம்பது வருஷமாக இந்தக் கொல்லையில் நடமாடுகிறேன், நிழலை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாத்திக்கு வரப்பாக என்ன வைத்தேன் தெரியுமா? கஜாவில் பறந்த நம் மாட்டுக்கொட்டகை ஓடுகள். உடைந்ததையெல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். குத்துவாட்டில் பாதி புதைத்து நட்டால் அழகாகத்தான் இருக்கிறது. பேவர் பிளாக் வேண்டாம் பாப்பா, தண்ணீர் இறங்க வழியிருக்காது.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகிறது. கட்டை எடுத்த ஒரு குழியில் தேங்காய் மட்டையைக் குழிவுப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணும் எருவும் போட்டுத் தென்னங்கன்று வைத்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான். உன் தாத்தா நெருக்கி நெருக்கி எட்டு வைத்தார், எல்லாம் வெளிச்சம் தேடி வளைந்து நின்றன. இருபத்தைந்து அடி இல்லாமல் இனித் தென்னை வைப்பதில்லை.

இன்னொரு குழி ஈசானி மூலையில் வெயிலில் ஆறிக்கொண்டிருக்கிறது. அதற்கு என்ன என்று நீதான் சொல்ல வேண்டும். பத்தடிதான் இடம், மா வேண்டாம். கொய்யாவா, நார்த்தையா, கறிவேப்பிலையா? பேரனிடமும் கேள். ஆடி பிறப்பதற்குள் சொல்லிவிடு. இல்லாவிட்டால் உன் அம்மா முருங்கைக் கொம்பை நட்டுவிடுவாள். கம்பளிப்பூச்சி வந்தால் அப்புறம் என்னைக் கேட்காதே.

மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா, வைத்திருக்கட்டுமா?

அன்புடன்,
அப்பா