ஏவுகணைக்கு ஆள் அடையாளம் தெரியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் வந்த ஏவுகணைக் கட்டுரையைப் பேரனோடு உட்கார்ந்து படித்தேன். "ரேடார் ஏவுகணை எதிரி விமானத்தை அடையாளம் கண்டு துரத்திப் பிடிக்கிறது" என்று அதில் ஒரு வரி. பையன் உடனே, "எதிரி யாருன்னு அதுக்கு எப்படித் தாத்தா தெரியும்?" என்று கேட்டான். தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ரேடார் என்பது ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவி. அதன் திரையில் வருவது ஒரு புள்ளிதான். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், என்ன வேகம், இதற்கு மேல் அந்தப் புள்ளி எதுவும் சொல்லாது. சர்க்கரை ஏற்ற வரும் கப்பலா, வேறு ஏதாவதா என்பதை ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நாங்கள் குடியிருக்கும் இந்த அவோகாவில்தான் 1940இல், தென்னாப்பிரிக்க விஞ்ஞானி பாசில் ஷோன்லாண்டின் குழு ஜோகன்னஸ்பர்க்கில் தானே செய்த ரேடாரைக் கொண்டுவந்து கடலைப் பார்த்து வைத்துச் சோதித்தது. அதுவும் ஏதோ வருகிறது என்று மட்டும்தான் சொல்லியிருக்கும்.

ஏவுகணைக்கும் இதே நிலைதான். பழைய வகைகள் பலவற்றுக்குச் சொந்தமாக அலை அனுப்பவே வராது. கப்பலிலோ தரையிலோ விமானத்திலோ இருக்கும் பெரிய ரேடார் இலக்கின் மேல் அலையைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும், அது பட்டுத் திரும்புவதை மட்டும் ஏவுகணையின் மூக்கு வாங்கிக்கொள்ளும். இருட்டில் ஒருவர் டார்ச் அடிக்க, இன்னொருவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிற மாதிரி. டார்ச் விலகினால் ஏவுகணை குருடு. புதிய வகைகளின் மூக்கிலேயே ஒரு சின்ன ரேடார் உண்டு, ஆனால் அது அதிக தூரம் எட்டாது, ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதனால் ஏவிய விமானம் வழி சொல்லச் சொல்லப் பறந்து போய், கிட்டே நெருங்கிய பிறகுதான் சொந்த ரேடாரைப் போடும்.

அப்புறம், "துரத்திப் பிடிக்கிறது" என்பதும் சரியில்லை. கடலில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது: எதிரே வரும் கப்பலைக் காம்பஸ் வழியாகப் பார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார், திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதப் போகிறாய். ஒரு மழைக் காலையில் பிளஃப் முனைக்கு வெளியே எனக்கே இது நடந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிய வழியப் பார்க்கிறேன், அந்தச் சரக்குக் கப்பல் எழுபது டிகிரியில் நிற்கிறது. மூன்று நிமிஷம் கழித்துப் பார்த்தால் அதே எழுபது, ஆனால் இப்போது அதன் நங்கூரம் தெரிகிறது. கேப்டன் வாயே திறக்காமல் சுக்கானைத் திருப்பினார். வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

மோதாமல் இருக்க நாங்கள் அந்தத் திசையை மாற்றுவோம். மோதுவதற்காகவே ஏவுகணை அதை மாறாமல் வைத்துக்கொள்ளும். ஏவுகணையிலிருந்து இலக்கை நோக்கிப் போகும் கோடு கொஞ்சம் திரும்பினால், அது திரும்பும் வேகத்தைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் ஏவுகணை தன் பாதையைத் திருப்பும், கோடு நிற்கும் வரை. விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை, விமானம் வந்து சேரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போகிறது. தரையிலும் கடல் அலைகளிலும் பட்டு வரும் எதிரொலிக் குப்பையிலிருந்து விமானத்தைப் பிரித்தெடுக்க டாப்ளர் விளைவு உதவுகிறது, நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலை கொஞ்சம் மாறிவிடும், ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஊதல் சத்தம் மாறுமே, அந்த வித்தைதான். ரேடாரை ஏமாற்றவும் முடியும். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மேல் பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியத் தாள் கீற்றுகளைக் கொட்டியே ஜெர்மன் ரேடார்களைத் திணறடித்தன.

இதில் எங்கேயாவது "எதிரி" என்ற ஒன்று வருகிறதா? 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் போன ஈரான் பயணிகள் விமானத்தை வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஏவுகணைகளால் வீழ்த்தியது. 290 பேர், அதில் 66 குழந்தைகள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, கப்பலின் கருவிப் பதிவிலும் அப்படித்தான் இருந்தது. திரைக்கு முன்னால் இருந்தவர்கள்தான் அது தங்களை நோக்கி இறங்கி வரும் போர் விமானம் என்று நம்பினார்கள். ஏவுகணை தனக்குக் காட்டியதை நோக்கிச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. 2014இல் உக்ரைன் மேல் மலேசிய விமானத்தில் 298 பேர் செத்ததும் ரேடார் வழிகாட்டிய ஏவுகணையால்தான்.

"ஏவுகணை அடையாளம் கண்டது" என்று எழுதும்போது, அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்த ஆள் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார். எனக்குத் தாங்காதது அதுதான், பேரனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்த வரியை மட்டும் திருத்திப் போடுங்கள்: "மனிதர் தேர்ந்தெடுத்த இலக்கை நோக்கி ஏவுகணை வழிநடத்தப்படுகிறது" என்று. பையன் பழைய இதழைப் பத்திரமாக வைத்திருக்கிறான், திருத்தம் வந்ததும் அதில் ஒட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்,
அவோகா, டர்பன்.