கிளிநொச்சிக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் மெக்சிக்கோவின் எல்லை நகரமான சியுடாட் ஹுவாரெஸில் வேலை செய்யும் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இப்படியான விஷயங்கள் எங்கள் பத்திரிகைகளில் வருவது குறைவு. வெளியிட்டதற்கு நன்றி. ஆனாலும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கே கொல்லப்பட்ட பெண்கள் எல்லோருமே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் என்பதுபோலக் கட்டுரை போகிறது. அது சரியில்லை. 2001 நவம்பரில் பருத்தி வயல் ஒன்றில் எட்டுப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. அவர்களில் மூன்று பேரின் வழக்கு அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. மெக்சிக்கோ அரசு தன் கடமையில் தவறியது என்று 2009 இல் தீர்ப்பு வந்தது. அந்த மூவரில் ஒருவர் 15 வயதில் வீட்டு வேலைக்குப் போனவர், இன்னொருவர் 17 வயது மாணவி. மூன்றாமவர்தான் தொழிற்சாலைப் பெண், வயது 20. அன்றைக்கு அவர் வேலைக்கு இரண்டு நிமிடம் பிந்திப் போனதால் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு வீட்டார் அவரை உயிரோடு காணவில்லை.

இந்த இரண்டு நிமிடம் உங்கள் கட்டுரையில் இல்லை. கண்ணீரும் சிலுவைகளும் பாலைவனமும் நிறைய இருக்கின்றன. ஒரு பெண் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டார், பஸ் எங்கே இறக்கிவிட்டது, பிந்தினால் தொழிற்சாலை என்ன செய்யும் என்பதெல்லாம் தெரிந்தால்தானே அவர் எப்படி அந்த இருட்டில் தனியாக நின்றார் என்று வாசகருக்கு விளங்கும்?

எஸ்தர் சாவேஸ் கானோ என்ற பெயரும் அதில் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். 1993 இலிருந்து உள்ளூர்ப் பத்திரிகைகளின் மூலைகளில் வந்த சின்னச் சின்னக் கொலைச் செய்திகளைச் சேர்த்து, ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டே வந்தார். பத்திரிகையில் பத்தியும் எழுதினார். காணாமல் போன மகளைத் தேடிப்போன தாய்மாரிடம், "யாரோடாவது போயிருப்பாள்" என்று பொலிஸ் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. (இந்தப் பேச்சு எங்களுக்கும் புதிதில்லை.) உலகம் அந்த நகரத்தைத் திரும்பிப் பார்த்ததில் அவருடைய பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. யாரோ ஒரு உள்ளூர் நிருபர் அந்த நாலு வரிச் செய்தியை இடமும் நாளும் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்காவிட்டால், அவர் எதைச் சேர்த்திருப்பார்?

அந்த நிருபர்களும் சுகமாக இருந்து எழுதவில்லை. ஹுவாரெஸின் 'எல் டியாரியோ' பத்திரிகையின் குற்றச்செய்தியாளர் ஒருவரை 2008 நவம்பரில் வீட்டு வாசலில் காருக்குள் வைத்துச் சுட்டார்கள். மகள் பக்கத்தில் இருந்தாள். 2010 இல் அதே பத்திரிகையின் இளம் படப்பிடிப்பாளரையும் கொன்றார்கள். 2000 ஒக்டோபரில் ஊடகவியலாளர் நிமலராஜனை வீட்டிலேயே பறிகொடுத்த யாழ்ப்பாணத்துக்கு, 2006 மே 2 இரவில் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டதைக் கண்ட யாழ்ப்பாணத்துக்கு, இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மெக்சிக்கோ எல்லையோரத்தில் 1965 இல் தொடங்கிய திட்டம், வெளியிலிருந்து வரும் துண்டுகளைக் குறைந்த கூலியில் பொருத்தித் திருப்பி அனுப்புவது. அதே கணக்கில்தான் 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. போருக்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வந்தன. ஓமந்தை ஒரு காலத்தில் எங்களுக்கு எல்லையாக இருந்த இடம். அதற்கு இரண்டு பக்கத்திலும் இன்றைக்கு விடிய முதலே பெண்கள் கம்பனி பஸ்ஸுக்காக றோட்டில் நிற்கிறார்கள். குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்கள் அதில் எத்தனையோ பேர்.

என் பெறாமகளும் அப்படி ஒரு இடத்தில் தைக்கிறாள். லைனுக்கு மேலே பலகையில் டார்கெட் ஏறிக்கொண்டே இருக்குமாம், தண்ணீர் குடிக்க எழும்பவும் யோசிப்பார்களாம். அவளுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. லீவு போட்டால் அந்த மாத வரவுக் கொடுப்பனவு போய்விடும் என்று பனடோல் போட்டுக்கொண்டு போனாள். வெறுப்பாகச் சொல்லவில்லை. "அன்ரி, இந்தக் காசு இல்லாட்டி தம்பி படிக்க ஏலாது" என்றுதான் சொன்னாள். அவளுக்கு வேலை வேண்டும். அந்த வேலையைப் பற்றி யாராவது சரியாக எழுதவும் வேண்டும்.

பத்திரிகையில் இவர்கள் எப்போது வருகிறார்கள்? பஸ் தடம் புரண்டால் வருகிறார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மயங்கினால் வருகிறார்கள். அமைச்சர் நாடா வெட்டினால் படத்தின் பின்வரிசையில் வருகிறார்கள். அப்புறம், "கார்மென்ட்ஸ் பெட்டையள்" என்று ஊர் பேசுவதைச் செய்தியாக்கும்போதும் வருகிறார்கள். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா பரவியபோது, முதலில் தொற்று உறுதியான பெண்ணின் சொந்த வாழ்க்கையைச் சில ஊடகங்கள் கிளறியது நினைவிருக்கும். சம்பளத் துண்டையும் அவர்கள் ஒருதரம் பார்த்து எழுதியிருக்கலாம். கட்டுநாயக்கவில் 1984 இலேயே 'தாபிந்து' என்று தொழிலாளர் பெண்களுக்காகவே ஒரு சிங்களப் பத்திரிகை வந்தது. தமிழில், வன்னியில், அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளிநொச்சிக்கு ஒரு நிருபரை, முடிந்தால் ஒரு பெண் நிருபரை, அனுப்புங்கள். ஒருநாள் போய்ப் படமெடுத்துக்கொண்டு வராமல், சில மாதம் விடாமல் போகட்டும். சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுப்படுகிறதா, மேலதிக நேரத்துக்குக் கணக்கு உண்டா, இரவில் பஸ் வீட்டு ஒழுங்கை வரை வருகிறதா என்று கேட்கட்டும். தொழிற்சாலை வாசலில் நின்று பேச வேண்டாம், பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள், அங்கே போய்ப் பேசலாம். பெயரை மாற்றுங்கள், லைன் இலக்கத்தையும் போட வேண்டாம். ஆனால் நேரத்தையும் ரூபாயையும் மட்டும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோண்டாவில்.