எங்கள் பள்ளிக்குப் பாட்டிகள்தான் பெற்றோர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளிகளைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டடம், காலிப் பணியிடம், பிள்ளைகளின் வாசிப்புத் திறன் என்று எல்லாவற்றையும் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். ஆனால் கிராமத்துப் பெற்றோர் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்ற ஒரு வரி மட்டும் முள்ளாகத் தைத்துவிட்டது. நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். பையன் எட்டாம் வகுப்பு, பெண் ஆறாம் வகுப்பு, இருவரும் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். 2022இல் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது உறுப்பினரானேன், 2024இல் மறுபடியும். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பெற்றோர் என்றால் யார்? என் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்டரிங் வேலை செய்கிறார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சனிக்கிழமை இரவு வந்து, திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கிளம்பிவிடுவார். நான் தையல் மிஷினோடு ஊரிலேயே இருப்பதால் எங்கள் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் உண்டு. பையனின் வகுப்பில் பல வீடுகளில் அம்மா, அப்பா இரண்டு பேருமே கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். சோறு போடுவது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ரேங்க் கார்டில் கைநாட்டு வைப்பது எல்லாம் பாட்டிதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 68.54 சதவீதம். தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அந்தச் சதவீதத்தில் சேராமல் போனவர்கள்தான் இந்தப் பாட்டிகள். அச்சடித்த சுற்றறிக்கையைப் பேரனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பாட்டி கூட்டத்துக்கு வரவில்லையே என்றால் எப்படி?

குழு தொடங்கிய புதிதில் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நடக்கும். தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்களால் வரவே முடியாது. வந்தால் அரை நாள் கூலி போச்சு. வந்த ஏழெட்டுப் பேர் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தீர்மானம் முன்பே எழுதியிருக்கும். கையெழுத்து, ஒரு போட்டோ, டீ. வராதவர்கள் வீட்டுக்கு மறுநாள் கையெழுத்துக்காகத் தீர்மான நோட்டு போகும். மற்ற நாட்களில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினால் பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, நின்றபடியே திட்டு வாங்கிய பாட்டிகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு முறை அப்படி நின்றவர் மறுபடி அந்தப் படி ஏறுவாரா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தலையை எண்ணிப் பார்த்தால் எங்கள் குழு சட்டப்படிதான் இருந்தது. வாய் திறந்தவர்களை எண்ணினால் ஒருவரும் இல்லை.

அப்புறம் மாறுதலில் ஒரு தலைமை ஆசிரியை வந்தார். முதல் வாரம் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் எட்டே முக்காலுக்குக் கேட் அருகில் வந்து நின்றார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார். கொண்டுவந்து விட்ட பாட்டிகளிடம் "சாப்பிட்டீங்களா பாட்டி, முட்டி வலி எப்படி இருக்கு" என்று விசாரித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் ஒரு நல்ல சேதி போக வேண்டும், குறை அப்புறம்தான் என்று மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்திருந்தாராம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு நாள், "உங்க பேரன் நேத்து போர்டுல பின்னக் கணக்கு போட்டுக் காட்டினான்" என்றார். பின்னக் கணக்கு என்றால் என்னவென்று அந்தப் பாட்டிக்குத் தெரியாது. ஆனாலும் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போனார்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர் வருகைப் பதிவேட்டை உட்கார்ந்து வாசித்தார். கையெழுத்து போடுகிற தலைமை ஆசிரியர்கள் நிறையப் பேர், வாசிக்கிறவர்கள் குறைவு. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் திங்கட்கிழமை தோறும் ஏறக்குறைய ஒரே பிள்ளைகள் வராமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டார். பெங்களூர் பஸ் ஏற்றிவிட அப்பா, அம்மாவோடு விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். வண்டி போனதும் அழுதுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்கள். இது பள்ளியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சொல்லப் போனால் ஊரில் எங்களுக்கே உறைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளையை விளையாட்டாகவும் ஓவியமாகவும் மாற்றினார். தாமதமாக வந்தாலும் வெளியே நிறுத்தக் கூடாது என்றார். அந்த அப்பாக்களோடு ஞாயிறு மாலை பள்ளி மரத்தடியில் பேச ஆரம்பித்தார். அரசு நாள் குறித்துக் கொடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் அது பாட்டுக்கு நடந்தது, இது தனி. முதல் ஞாயிறு ஐந்து பேர் வந்தோம். இப்போது உட்காரப் பாய் போதவில்லை. ஊருக்கு வர முடியாத அப்பாக்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதாமல், பேசியே பதிவு செய்து அனுப்புகிறார். திங்கட்கிழமை வராத பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

பள்ளிச் சூழல் என்று கட்டுரையில் ஒரு சொல் வந்தது. எனக்கு அதைக் கேட்டதும் என் மகளின் தோழிதான் நினைவுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல் என்றாலும், போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்த வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை. வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். வகுப்பில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். பெரியவர்களே அந்தப் பெயரில் கூப்பிட்டதுண்டு. தலைமை ஆசிரியை அந்தப் பழக்கத்தை ஆசிரியர் அறையிலிருந்துதான் நிறுத்தத் தொடங்கினார். அப்புறம் காலை வழிபாட்டில் அறிவியல் ஆசிரியரை விட்டுக் கறை ஏன் வருகிறது என்று எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். போன மாதம் அந்தப் பெண் செய்தி வாசித்தாள், கையை வாயருகே கொண்டுபோகாமல். பாட்டி சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். நடுநிலைப் பள்ளியில் எட்டு வகுப்பும் ஒரே வளாகம். நான்காம் வகுப்பில் இருந்த என் பெண் பொங்கல் சாப்பிட, ஆறாம் வகுப்பில் இருந்த பையன் தள்ளி நிற்பான். மரத்தடிக் கூட்டத்தில் ஒரு பாட்டிதான் இதைக் கேட்டார்: "பெரியவனுக்கு வயிறு இல்லையா?" பெரிய வகுப்புகளுக்கும் வேண்டும் என்று தீர்மானம் எழுதி மேலே அனுப்பினோம். அது ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, வீட்டுக்குக் கொஞ்சம் கேழ்வரகு போட்டு முறை வைத்துக் கூழ் காய்ச்சத் தொடங்கினோம். மழைக்காலத்தில் நின்றுபோனது. மறுபடி தொடங்கி இப்போது வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது.

எனக்குப் பயம் எல்லாம் ஆசிரியர்களை இடம் மாற்றும் அடுத்த மாறுதல் கலந்தாய்வைப் பற்றித்தான். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் வகுப்பும் எடுக்க வேண்டும், எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் பதிவும் போட வேண்டும், சத்துணவுக் கணக்கும் பார்க்க வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்கும் ஓட வேண்டும். இதற்கு நடுவில் கேட் அருகில் நிற்க ஒருவருக்கு மனம் வருவதே பெரிது. அவர் போய், இடம் காலியாகி, இன்னொருவர் பொறுப்பு பார்த்தால் எங்கள் மரத்தடி என்ன ஆகும்? பதிவு வேலைக்குத் தனி ஆள் கொடுங்கள். தலைமை ஆசிரியர் இடத்தைக் காலியாக விடாதீர்கள். கூட்ட நேரத்தை அந்தந்த ஊர் முடிவு செய்யட்டும். சட்டத்திலேயே பாதுகாவலர் என்ற சொல் இருக்கிறது. குழுவுக்கு ஆள் எடுக்கும்போது பாட்டிகளின் பெயரையும் தயங்காமல் எழுதுங்கள். இதையெல்லாம் கல்வித் துறையின் காதில் போடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு மரத்தடிக் கூட்டம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதும், வீட்டில் கல்யாணப் பேச்சு எழுவதும் அந்த இடத்தில்தான். தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் தேறினால் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் பாட்டிகளுக்குப் புரிகிற மாதிரி நான் பேசுவதாக ஏற்பாடு. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிவையுங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.